ஆர்மிக்காரர் சாவுக்கு மொத தடவ போறீங்களா? மலேசியாவுல பேராக், எங்க சுங்கை சிப்புட் பக்கம் இப்படித்தான்

ஆர்மில இருக்கற பையன் தவறிட்டான்னா அன்னிக்கு நம்ம ஊர்ல ரெண்டு சாவு நடக்கும், பெட்டி மட்டும் ஒன்னு. ஒன்னு நம்ம வீட்டு சாவு, தப்பு மேளம், ஒப்பாரி, நீர்மாலை, வாய்க்கரிசி, கொள்ளின்னு எல்லாம் இருக்கும். இன்னொன்னு கேம்ப்காரங்க நடத்துறது, கொடி, பியூகல், மூனு வெடி. ரெண்டு பக்கமும் அவன எங்க புள்ளன்னுதான் சொல்லும், ரெண்டு பக்கமும் அவங்கவங்க முறைய லேசுல விட்டுக் குடுக்காது, நடுவுல போய் நிக்கற நமக்குத்தான் எப்ப அழலாம், எப்ப அசையாம நிக்கணும்னு ஒன்னும் புரியாது.

நான் 21 வருஷம் செர்விஸ் முடிச்சு பென்ஷன் வாங்கிட்டு வந்து இப்ப இங்க ஸ்கூல் வேன் ஓட்டறேன். யூனிபார்ம்ல இருந்தப்ப மூனு தடவ பெட்டி தூக்கியிருக்கேன், வெளிய வந்தப்பறம் சொந்தக்காரனா போயிருக்கேன், அதனால தோட்டத்துல, தாமான்ல (குடியிருப்புப் பகுதில) யார் வீட்ல இப்படி ஆனாலும் "அங்கள், எங்க நிக்கறது, என்ன போட்டுட்டு வர்றது"ன்னு எனக்குத்தான் போன் வரும். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்லி வாய் வலிக்குது, மொத்தமா எழுதிடறேன், வேணுங்கறவங்க படிச்சுக்கோங்க.

மொதல்ல போன கீழ வைங்க

சேதி காதுல விழுந்த ஒடனே வாட்ஸ்அப்ல போடாதீங்க. தயவுசெஞ்சு. ஆர்மி ரெக்கார்டுல வாரிஸ்னு ஒரு பேர் எழுதியிருக்கும், கல்யாணம் ஆனவனா இருந்தா பொதுவா பொண்டாட்டி, ஆகாதவனா இருந்தா அம்மாவோ அப்பாவோ. கேம்ப்ல இருந்து ஆபிசர் ஒருத்தர் யூனிபார்ம்ல வீட்டு வாசலுக்கே வந்து அந்த ஆள்கிட்ட நேர்ல சொல்லுவாரு, அதுதான் முறை. எனக்குத் தெரிஞ்ச ஒரு அம்மா பேக்டரில நைட் ஷிப்ட்ல இருந்தாங்க, பிரேக் டைம்ல யாரோ பார்வர்ட் பண்ண படத்துல மகன் யூனிபார்ம் போட்டோவும் அதுக்குக் கீழ "ஆழ்ந்த இரங்கல்"னு ரோஜாப்பூவும் பாத்துட்டுதான் தெரிஞ்சுக்கிட்டாங்க, ஆபிசர் அப்பதான் வீட்டுக்கு வந்து மூடுன கதவுக்கு முன்னாடி நின்னுட்டு இருந்தாரு. அனுப்புனது வேற யாரும் இல்ல, சொந்தத் தம்பி மருமகன்தான்.

எப்படி செத்தான், யார் தப்பு, பயிற்சில என்ன ஆச்சுன்னு ஆராய்ச்சி பண்ற வேலையும் வேணாம். விசாரணை நடக்கும், மெல்லத் தெரியும்.

எப்ப வரும்னு கேளுங்க, ஆனா நம்பி உக்காராதீங்க

நம்ம சாவு வீட்ல "ரெண்டு மணிக்கு எடுக்கறாங்க"ன்னா மூனு ஆகும், நாலும் ஆகும். ஆர்மில ரெண்டுன்னா ஒன்றரைக்கே வரிசை நிக்கும். ஆனா பாடி வந்து சேர்ற நேரம் மட்டும் யார் கையிலயும் இல்ல, மிலிட்டரி ஆஸ்பத்திரில போஸ்ட்மார்ட்டம் முடியணும், பேப்பர் முடியணும், லுமூட்ல இருந்து வருதா கோலாலம்பூர்ல இருந்து வருதாங்கறது வேற. வெளிநாட்டு டியூட்டில தவறுனா இன்னும் நாளாகும். லெபனான்ல நம்ம பசங்க 2007ல இருந்து ஐநா நீலத் தொப்பி போட்டுட்டு நின்னிருக்காங்க, அங்கிருந்து ஒரு பெட்டி வரணும்னா ரெண்டு நாட்டு பேப்பரும் சரியா இருக்கணும் இல்லையா.

ராகு காலம், எமகண்டம் பாக்கற வீடா இருந்தா அத மொதல்லயே கேம்ப்காரர்கிட்ட சொல்லச் சொல்லுங்க. சொன்னா கேப்பாங்க, சத்தியமா கேப்பாங்க, அவங்களுக்குத் தேவை ஒரு பிக்ஸ் ஆன டைம்தான், அது நல்ல நேரமா கெட்ட நேரமான்னு அவங்களுக்குப் பிரச்சன இல்ல. நம்ம பேராக்ல சாயங்காலம் நாலு மணிக்கு மேல வானம் எப்படி இருக்கும்னு தெரியும்ல, அதனால முடிஞ்சவரைக்கும் காலையிலயே வச்சுக்கப் பாப்பாங்க.

என்ன போட்டுட்டு போறது

வெள்ள, கருப்பு, சாம்பல், கருநீலம், எதாவது ஒன்னு, டிசைன் இல்லாம. ஆம்பளைங்க நீளக் கால்சட்டை, மூடுன சப்பாத்து. நம்ம வழக்கத்துல சாவு வீட்டுக்கு சிலிப்பர்ல போறது சகஜம்தான், ஆனா இங்க ஒரு மணி நேரம் வெயில்ல நேரா நிக்க வேண்டியிருக்கும், சிலிப்பர் வேணாம். ராணுவ டிசைன் டீசர்ட், பச்சப் புள்ளி கால்சட்டைன்னு பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தைல) வாங்குனத மரியாதைன்னு நெனச்சு போட்டுட்டு வர்ற பசங்க ஒவ்வொரு தடவையும் ரெண்டு பேராவது இருப்பாங்க, கேம்ப் பசங்க பாத்துட்டு ஒன்னும் சொல்ல மாட்டாங்க, ஆனா மூஞ்சி மாறிடும். வெத்தரானா (ஓய்வு பெற்ற படைக்காரரா) இருந்தா பெரே தொப்பியும் மெடலும் போட்டுட்டு வரலாம், வரணும்.

மாலை கொண்டு போறவங்க ஒன்னு ஞாபகம் வச்சுக்கோங்க, கொடி போத்துனப்பறம் பெட்டி மேல மாலை போட முடியாது. கொடி மேல இருக்கறது அவனோட தொப்பி, பெல்ட், மெடல், அவ்ளோதான். மாலைய படத்துக்குப் போடுங்க, இல்ல கொடி போத்துறதுக்கு முன்னாடியே பெட்டிக்குள்ள வச்சுடுங்க.

தண்ணி போத்தல் ஒன்னு, குடை ஒன்னு. குடை கருப்பா இருக்கட்டும், சிவப்பு கலர்ல கம்பெனி பேர் போட்ட ப்ரீ குடைய அன்னிக்கு ஒரு நாள் காடிலயே விட்டுட்டு வாங்க.

வீட்ல

இது நம்ம வீட்டு சாவோட பாகம், இங்க நீங்க எப்பவும் போல இருக்கலாம். அழலாம், கட்டிப் புடிக்கலாம், ஒப்பாரி வைக்கறவங்கள யாரும் நிறுத்தக் கூடாது. ஆபிசர்ங்க வந்ததும் சில பெரியவங்க "ஷ்ஷ், மலாய்க்காரங்க வந்துட்டாங்க, சத்தம் போடாதீங்க"ன்னு பொம்பளைங்கள அடக்குவாங்க பாருங்க, எனக்கு கோவம் வர்றது அங்கதான். அவங்க சத்தம் கேட்டு ஓடறவங்க இல்ல. வீட்டுக்குள்ள அம்மாவோட நேரம்.

வந்து நிக்கற பசங்கள்ல மலாய்க்காரங்க இருப்பாங்க, சரவாக் பூர்வகுடியான ஈபான் பசங்க இருப்பாங்க, சீனன் ஒருத்தன் ரெண்டு பேர் இருக்கலாம், நம்ம பசங்களும் இருப்பாங்க. ரெஞ்சர் ரெஜிமெண்ட்ல இருந்தவனா இருந்தா ஈபான் பசங்க நெறைய இருப்பாங்க, "ஆகி இடுப் ஆகி ஙெலாபான்", உயிர் இருக்கற வரைக்கும் போராடுவோம்னு அவங்க பாஷைலதான் அந்த ரெஜிமெண்டோட வாக்கே இருக்கு. இவங்க எல்லாரையும் புடிச்சு இழுத்து "வா தம்பி, வாய்க்கரிசி போடு, பால் ஊத்து"ன்னு கையில சொம்ப குடுக்காதீங்க. முஸ்லிம் பசங்க நம்ம சடங்குல கலந்துக்க மாட்டாங்க, ஒதுங்கி நிப்பாங்க, கையெடுத்துக் கும்புட மாட்டாங்க. அது மரியாதக் கொறைவு இல்ல, அவங்க மரியாத சல்யூட்ல வரும். சங்கடப்பட்டு அவங்களும் தலைய ஆட்டி, நம்மாளுங்களும் "என்னடா இவன்"னு பாத்து, தேவையில்லாத கூத்து அது.

அவங்களுக்கு குடிக்க என்ன குடுக்கறதுன்னு கேப்பாங்க. சாவு வீட்டு கோப்பிய கிளாஸ்ல குடுத்தா சிலர் குடிப்பாங்க, சிலர் தயங்குவாங்க. மினரல் தண்ணி, பாக்கெட் பானம், கடைல வாங்குன பிஸ்கட்டு, இது போதும், அட்டைப் பொட்டியோட வெளிய வச்சுடுங்க, அவங்களா எடுத்துப்பாங்க.

குடும்பத்துக்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியலன்னா பேசாதீங்க. கையப் புடிச்சுட்டு பக்கத்துல உக்காருங்க. "எவ்ளோ காசு வரும்"னு மட்டும் கேக்காதீங்க, பாடி வீட்ல இருக்கும்போதே அதக் கேட்ட ஆளுங்கள நான் பாத்துட்டேன், ஒருத்தர் இல்ல.

பெட்டி விஷயம்

இதுலதான் சண்டை வரும், அதனால கொஞ்சம் விவரமா சொல்றேன். நீங்க வெறும் விருந்தாளியா போனாலும் கொஞ்சம் மலாய் தெளிவா பேசுவீங்கன்னு தெரிஞ்சா குடும்பத்துக்காரங்க உங்களத்தான் கேம்ப்காரர்கிட்ட பேச முன்னாடி தள்ளுவாங்க.

சில பெட்டி சீல் வச்சு வரும். வெடி, விபத்து, தண்ணில கெடந்தது, வெளிநாட்டுல இருந்து வந்தது, இதுக்கெல்லாம் தொறக்க வேணாம்னுவாங்க. அப்ப குளிப்பாட்டறது, எண்ணெ அரப்பு வைக்கறது, வாய்க்கரிசி ஒன்னும் நடக்காது. "ஒரு தடவ மூஞ்சிய மட்டும் காட்டுங்க"ன்னு அம்மா ஆபிசர் கால்ல விழுவாங்க. நீங்க கூட சேந்துட்டு "தொறங்க தொறங்க"ன்னு சத்தம் போடாதீங்க, தொறக்காததுக்குக் காரணம் இருக்கு, அந்தக் காரணத்த அந்த அம்மா பாக்கக் கூடாதுன்னுதான் மூடியிருக்கு. நான் பாத்த ஒரு வீட்ல சடங்கு செய்ற ஐயா நல்ல ஆளு, பெட்டி தலைமாட்டுல ஒரு வாழையெலைய விரிச்சு, அவன் படத்த வச்சு, அதுக்கு முன்னாடி அரிசியப் போடச் சொன்னாரு, அம்மா படத்தோட வாய்கிட்ட ஒவ்வொரு பருக்கையா வச்சாங்க, கண்ணாடில அரிசி ஒட்டல, கீழ கீழ விழுந்துட்டே இருந்துச்சு, அவங்க திரும்பத் திரும்ப எடுத்து வச்சுட்டே இருந்தாங்க. வாசல்ல சார்ஜன் வாட்ச பாத்தாரு, அப்பறம் கைய பின்னாடி கட்டிட்டு பாக்காம நின்னாரு. இருவது நிமிஷம் லேட்டு. யாரும் ஒரு வார்த்த சொல்லல.

அடுத்தது, யார் தூக்கறது. நம்ம வழக்கத்துல பங்காளி, மாமன், மச்சான்தான் தோள் குடுக்கணும். ஆர்மில பெட்டி தூக்க ஆறோ எட்டோ பேர், ஒரே ஒசரமா பாத்து எடுத்து, மொத நாளே வெத்துப் பெட்டில மண்ணு மூட்டைய வச்சு பழகியிருப்பாங்க, எதிர்ல இருக்கறவன் தோள்மேல கை போட்டு, அடி அடியா. நான் மொத தடவ தூக்குனப்ப எனக்குப் பயம் எல்லாம் காலு மேலதான், தோட்டத்து செம்மண் ரோடு, மழ பேஞ்சு வழுக்குது, முன்னாடி போறவன் கழுத்துல வேர்வை ஓடறது தெரியுது, இவன் வழுக்குனா நானும் போயிடுவேன்னு அதையே பாத்துட்டு நடந்தேன். செத்தவன் என் பெட்மேட், அவன பத்தி ஒரு நெனப்பும் வரல, கால் கால்னுதான் மனசுல ஓடுச்சு. ராத்திரிதான் அழுகை வந்துச்சு.

வேற ஒரு வீட்ல, அப்ப நான் சொந்தக்காரனா போயிருந்தேன், யாரும் முன்கூட்டி பேசல. பெட்டி எடுக்கற நேரம் பசங்க எட்டு பேர் வந்து நின்னாங்க, மச்சானுங்க நாலு பேர் துண்ட தலைல கட்டிட்டு "எங்க மாப்ளைய நாங்கதான் தூக்குவோம்"னு புடிச்சாங்க, ஒரு பக்கம் இவங்க தூக்க மறு பக்கம் அவங்க தூக்க பெட்டி சரிஞ்சு மேல இருந்த தொப்பி உருண்டு சாக்கடைகிட்ட போய் விழுந்துச்சு. ஒரு சின்னப் பொண்ணு, அவனோட மகளா இருக்கணும், ஓடிப்போய் எடுத்து பாவாடைல தொடச்சு கொண்டாந்து குடுத்துச்சு. அதுக்கப்பறம்தான் ரெண்டு பக்கமும் கைய எடுத்தாங்க.

இதுக்கு ஒரே வழி முன்னாடியே பேசறதுதான். எங்க பக்கம் இப்ப நாங்க செய்றது என்னன்னா, வீட்டுக்குள்ள இருந்து கேட் வரைக்கும் சொந்தக்காரங்க, கொடி போத்தாம. கேட்ல பெட்டிய மேசைல வச்சு கொடி போத்தி, தொப்பி வச்சு, அங்கிருந்து பசங்க. கொடியோட நீலக் கட்டம் தலைமாட்டுப் பக்கம் வரும். கால் முன்னால போற மாதிரி தூக்கறதுல நம்ம முறையும் அவங்க முறையும் ஒன்னுதான், அதுல சண்டை வராது. பாதி வழில எறக்கி வச்சு தெச மாத்தற வழக்கம் உள்ள குடும்பமா இருந்தா மட்டும் அத முன்னாடியே சொல்லுங்க, நடு ரோட்ல திடீர்னு "எறக்கு எறக்கு"ன்னா டிரில் கொலஞ்சுடும்.

தப்பும் அப்படித்தான். கேட் வரைக்கும் அடிக்கட்டும், நல்லா அடிக்கட்டும். கொடி போத்தற நேரம் தப்பு நிக்கணும், அதுக்கு தப்பு செட்டு தலைவர்கிட்ட ஒரு ஆள நிப்பாட்டுங்க, கைய தூக்குனா நிறுத்தணும்னு. சுடுகாட்டு வாசல்ல மறுபடி ஆரம்பிக்கணுமா வேணாமாங்கறது குடும்பத்தோட இஷ்டம்.

இதெல்லாம் இந்து வீட்டு கணக்கு. கிறிஸ்தவ குடும்பமா இருந்தா கோயில்ல பூசை முடிஞ்சு பாதர் கைல இருந்து நேரா கேம்ப் கைக்குப் போகும், குழப்பம் கம்மி. நம்ம தமிழ் முஸ்லிம் பையனா இருந்தா எல்லாம் சீக்கிரம் முடியும், ஜெனாசா தொழுகைக்கு மத்தவங்க வெளிய அமைதியா நின்னா போதும்.

சுடுகாட்டுக்கு பொம்பளைங்க

நம்ம வழக்கத்துல பொம்பளைங்க சுடுகாட்டுக்குப் போக மாட்டாங்க. ஆனா கொடிய மடிச்சு வாரிஸ் கையில குடுக்கறது அங்கதான், வாரிஸ் பொண்டாட்டியாவோ அம்மாவாவோ இருந்தா என்ன செய்றது? ஊர்ல பெரியவங்க ரெண்டு பேர் "அதெல்லாம் கூடாது, தம்பி வாங்கிட்டு வரட்டும்"னு ஆரம்பிப்பாங்க. கேம்ப்ல சொன்னா வீட்டு வாசல்லயே குடுக்கவும் ஒத்துக்கலாம், அப்படியும் நடந்திருக்கு. எங்கிட்ட கேட்டா கூட்டிட்டுப் போங்கன்னுதான் சொல்லுவேன். மின்சுடலைக்கு இப்பல்லாம் பொம்பளைங்க வர்றாங்க, அது மட்டும் பரவால்லன்னா இது ஏன் கூடாது? பெத்தவளுக்குக் கடைசியா கைக்கு வர்றது அந்தத் துணிதான், அத மச்சினன் காடில மடில வச்சு கொண்டு வந்து குடுக்கறது எனக்கு சரியா படல.

அம்மாவுக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல கொடி யாருக்குன்னு வந்தா, அங்க போய் கருத்து சொல்லாதீங்க. ரெக்கார்டுல யார் பேரோ அவங்க கைலதான் குடுப்பாங்க. வாங்குனவங்க அதுக்கப்பறம் மாமியார்கிட்ட குடுத்து ரெண்டு பேரும் சேந்து புடிச்சுட்டு நின்னத பாத்திருக்கேன், குடுக்காம நெஞ்சோட அணைச்சுட்டு காடில ஏறுனதையும் பாத்திருக்கேன், ரெண்டும் அவங்கவங்க பாடு.

மூனு வெடி

சுடுகாட்டுலயோ கல்லறைலயோ பெட்டிய வச்சதும் எல்லாரையும் ஒரு பக்கமா ஒதுங்கச் சொல்லுவாங்க, சொன்ன பக்கம் போங்க, துப்பாக்கி புடிச்சு நிக்கற வரிசைக்கு முன்னாடியும் பின்னாடியும் நிக்காதீங்க. கட்டளை எல்லாம் மலாய்லதான், "செடியா" (நேரா நில்), "ஹொர்மாட் செஞ்சாத்தா" (துப்பாக்கியோட மரியாத). அது நமக்கு இல்ல, வரிசைக்கு. நாம சல்யூட் அடிக்க வேணாம், எத்தன பேர் சினிமா பாத்துட்டு நெத்தில கை வைக்கறாங்க! கைய கீழ விட்டு நேரா நில்லுங்க, தொப்பி போட்டிருந்தா எடுத்துடுங்க, போன சைலண்ட் இல்ல, ஆப் பண்ணிடுங்க.

அப்பறம் மேல பாத்து மூனு தடவ சுடுவாங்க. தோட்டா கெடயாது, சத்தம் மட்டும்தான். ஆனா அந்த சத்தத்த சாதாரணமா நெனைக்காதீங்க, பட்டாசு மாதிரி இருக்காது, நெஞ்சுல வந்து அடிக்கும். ஒவ்வொரு வெடிக்கும் நடுவுல போல்ட்ட இழுக்கற சத்தம் கடகடன்னு கேக்கும், அடுத்தது வரப்போவுதுன்னு அதுலயே தெரிஞ்சுக்கலாம். சின்னப் புள்ளைங்க காத பொத்துங்க, மாசமா இருக்கறவங்களையும் இருதய நோய் உள்ளவங்களையும் தூரமா உக்கார வைங்க. கீழ விழற காலி உறைய ஞாபகத்துக்குன்னு எடுக்காதீங்க, அவங்க எண்ணித்தான் கொண்டு வந்தாங்க, எண்ணித்தான் திருப்பிக் குடுக்கணும், ஒன்னு கொறஞ்சாலும் அந்தப் பசங்க புல்லுல முட்டி போட்டு தேடிட்டு இருப்பாங்க.

எங்க ஊர்ல இன்னொரு விஷயம் இருக்கு, வேற ஊருக்காரங்களுக்கு தோணாது. 1948 ஜூன் 16 காலைல இங்க எல்பில் தோட்டத்துலயும் பின் சூன் தோட்டத்துலயும் மூனு வெள்ளக்கார தொரைங்கள கம்யூனிஸ்ட்காரங்க சுட்டப்பறம்தான் அவசரகாலம்னு அறிவிச்சாங்க, அது 1960 ஜூலை 31 வரைக்கும் போச்சு. அப்ப சின்னப் புள்ளையா இருந்தவங்க இன்னும் கொஞ்ச பேர் உயிரோட இருக்காங்க. ஒரு சாவுல, வெடிச்ச ஒடனே செத்தவனோட பாட்டி நாக்காலில இருந்து எறங்கி தரைல குனிஞ்சு பக்கத்துல இருந்த பேத்தியையும் தலைய அமுக்கி உக்கார வச்சுட்டாங்க, மூனாவது வெடி முடிஞ்சும் எந்திரிக்கல, "தொரை பங்களா பக்கமா?"ன்னு கேட்டாங்க. ஒருத்தரும் சிரிக்கல. வீட்ல வயசானவங்க இருந்தா முந்தின நாளே உக்காந்து சொல்லுங்க, பாட்டி, நாளைக்கு சுடுவாங்க, அது மரியாதைக்கு, யாரும் சாக மாட்டாங்கன்னு. காலைல இன்னொரு தடவ சொல்லுங்க.

வெடி முடிஞ்சதும் பியூகல்ல லாஸ்ட் போஸ்ட் வாசிப்பாங்க. அது முடிஞ்சு ஒரு அமைதி. இங்கதான் நம்மாளுங்க தப்பு பண்றது, முடிஞ்சுதுன்னு நெனச்சு நகர ஆரம்பிப்பாங்க, யாராவது இருமுவாங்க, ஒருத்தர் காடி சாவிய குலுக்குவாரு. முடியல. மறுபடி ஒரு தடவ பியூகல் வரும், அது வரைக்கும் நில்லுங்க. இந்த நேரத்துல அம்மாவுக்கு அழுகை பீறிட்டு வந்தா அழட்டும், ஓடிப்போய் வாயப் பொத்தாதீங்க.

கொடி மடிக்கறத வீடியோ எடுக்காதீங்க, குடும்பத்துல ஒருத்தர் எடுக்கட்டும், போதும். ஆபிசர் கொடியக் குடுத்துட்டு மெதுவா ரெண்டு வார்த்த சொல்லுவாரு, சல்யூட் அடிச்சுட்டு பின்னாடி போவாரு. அதோட ஆர்மியோட பாகம் முடிஞ்சுது, மறுபடி நம்ம சாவு. கொள்ளிக்குடம், சுத்தி வர்றது, கொள்ளி வைக்கறது எல்லாம் இதுக்கப்பறம்தான் வச்சுக்கறது நல்லது, வெடிக்கு முன்னாடி வச்சா ஓட்டக் கொடத்துல தண்ணி ஒழுகற ஈரத்துலயே பசங்க பூட்ஸோட வரிசை நிக்க வேண்டியிருக்கும், ஒரு தடவ ஒருத்தன் சறுக்கியே விட்டான்.

திரும்பி வந்தப்பறம்

வீட்டுக்குப் போயி தல முழுகுங்க, அது தெரிஞ்சதுதான். கேம்ப் பசங்ககிட்ட போய் மொய்க் கவர், டிப்ஸ்னு எதுவும் நீட்டாதீங்க, வாங்க மாட்டாங்க, சங்கடம். கை குலுக்கி "தெரிமா காசே"ன்னா போதும், அவங்கள்ல பாதிப் பேரு செத்தவனோட ஒரே ரூம்ல படுத்தவங்க.

அடுத்த வாரத்துல பேப்பர் வேல வரும், லாபத்துக்கு வந்து நிக்கற ஆளுங்களும் வருவாங்க. பென்ஷன், எல்டிஏடி (ஆர்மிக்காரர் சேமிப்பு நிதி) காசு, இன்சூரன்ஸ் எல்லாத்துக்கும் கேம்ப்லயே ஒரு ஆள் விடுவாங்க, அதுக்கு மேல வெத்தரான் விவகார இலாகா இருக்கு, மனைவிமாருக்கு பக்காட்னு படைக்காரர் குடும்ப நலச் சங்கம் இருக்கு. "நான் சீக்கிரம் எடுத்துத் தரேன், பத்து பெர்சண்ட் குடு"ன்னு கார்டு நீட்டறவன வாசலோட அனுப்பிடுங்க. ஒவ்வொரு பேப்பருக்கும் போட்டோஸ்டேட் ரெண்டு, சாவு சர்ட்டிபிகேட் மட்டும் பத்து எடுத்து வைங்க, எங்க போனாலும் அதத்தான் மொதல்ல கேப்பாங்க. நீங்க அந்த வீட்டுக்கு உதவணும்னா பொங்கல் தூக்கிட்டு போறத விட ஒரு நாள் லீவு போட்டு அந்தப் பொண்ண ஆபிஸ் ஆபிஸா காடில கூட்டிட்டுப் போங்க.

கொடிய சாமி ரூம்ல வெளக்கு பக்கத்துல வைக்காதீங்க, எண்ணெ படும், பத்திப் பொறி விழும். கண்ணாடி பொட்டி செஞ்சு ஹால்ல வைக்கலாம். ஜூலை 31 ஹாரி பஹ்லாவான் (வீரர் நாள்) அன்னிக்கு சில கேம்ப்ல இருந்து குடும்பத்த கூப்புடுவாங்க, அவசரகாலம் முடிஞ்ச அதே தேதி. அன்னிக்கு கூடப் போக ஆள் இல்லாத அம்மாவா இருந்தா நீங்க போங்க.

பதினாறாம் நாள் காரியத்துக்கு கேம்ப் பசங்க யூனிபார்ம் இல்லாம, மோட்டார்ல, ரெண்டு ரெண்டு பேரா வருவாங்க, கூப்புடாமயே வருவாங்க. வாசல்லயே நிப்பாங்க, உள்ள வான்னாலும் கூச்சப்படுவாங்க. அவங்களுக்கு மட்டும் மாமாக் கடைல (தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடைல) ஒரு பத்து பொட்டலம் நாசி (சோறு) தனியா சொல்லி வச்சிருங்க, காலைலயே சொல்லிடுங்க, ஞாயித்துக்கெழமன்னா பதினோரு மணிக்கெல்லாம் தீந்துடும்.